வீட்டுச் சாசேஜின் வரலாறு

சாசேஜ் என்பது கொத்திய அல்லது அரைத்த இறைச்சியுடன் கொழுப்பு, உப்பு, மசாலாப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்து, கழுவித் துப்புரவு செய்த விலங்குக் குடலில் அடைத்துச் செய்யப்படும் உணவு ஆகும். இலத்தீன் மொழியில் "உப்பிட்டது" எனப் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இன்று கடைகளின் குளிர்பெட்டியில் உறையிட்டு விற்கப்படும் இந்த உணவு, தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முன் பல நூற்றாண்டுகளாக வீட்டு முற்றத்திலும் கசாப்புக் கடையிலும் மட்டுமே செய்யப்பட்டது. அண்மைக் காலத்தில், கடையில் வாங்கும் சாசேஜுக்கு மாற்றாக வீட்டிலேயே அதைச் செய்துகொள்ளும் வழக்கம் பல நாடுகளில் மீண்டும் பரவி வருகிறது.

சாசேஜுக்கு மற்ற உணவுகளுக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பது உண்பவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இதன் வரலாறு சுவையின் வரலாறு மட்டுமன்று. உறைக்குள் இருப்பதை எந்த நம்பிக்கையில் உண்பது என்ற கேள்வியின் வரலாறும் ஆகும். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் பல உயிர்களை விலையாகக் கொடுத்தே விடை கண்டனர்.

தொடக்கம்

விலங்கைக் கொன்றவுடன் அதன் இறைச்சி முழுவதையும் உண்டுவிட முடியாது. குளிர்பதனம் இல்லாத காலத்தில் எஞ்சிய இறைச்சி விரைவில் கெட்டுவிடும். சிறு துண்டுகள், கொழுப்பு, இரத்தம் ஆகியவற்றை வீணாக்காமல் உப்பிட்டுக் குடலிலோ இரைப்பையிலோ அடைத்து, புகையிலோ காற்றிலோ உலர்த்தி வைப்பதே சாசேஜின் அடிப்படை. கிரேக்கக் காவியமான ஒடிசியில், கொழுப்பும் இரத்தமும் நிரப்பிய ஆட்டு இரைப்பை தீயில் வாட்டப்படும் செய்தி உள்ளது.

உரோமர் காலத்தில் தென் இத்தாலியின் உலுக்கானியா பகுதியைச் சேர்ந்த "உலுக்கானிக்கா" என்னும் சாசேஜ் புகழ் பெற்றிருந்தது. அப்பீசியசு என்பவர் பெயரில் வழங்கும் பழைய இலத்தீன் சமையல் நூலில் இதன் செய்முறை உள்ளது. மிளகு, சீரகம், நறுமண இலைகள், மீன் சாறு ஆகியவற்றை இறைச்சியுடன் இடித்துச் சேர்த்து, குடலில் அடைத்துப் புகையில் தொங்கவிட வேண்டும் என்கிறது அந்நூல். ஸ்பெயின் நாட்டின் "லொங்கானிசா", கிரேக்க நாட்டின் "லுக்கானிக்கோ" ஆகிய பெயர்கள் இதிலிருந்தே வந்தவை.

இச்செய்முறையில் முதலில் வரும் மிளகு, தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பல் ஏறியது. யவனர்களின் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து முசிறியில் மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு குறிப்பிடுகிறது. உரோமானியச் சமையலறையின் சாசேஜில் சேரநாட்டு மிளகு கலந்திருந்தது என்பது தமிழ் மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

பன்றி அடிக்கும் நாள்

ஐரோப்பியச் சிற்றூர்களில் வீட்டுக்கு ஒன்றிரண்டு பன்றிகளை வளர்ப்பது வழக்கம். அவை கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கொழுக்கும். குளிர்காலத்தில் அவற்றுக்குத் தீனி போடுவது கடினம். குளிர் தொடங்கிவிட்டால் இறைச்சியும் எளிதில் கெடாது. ஆகவே நவம்பர் முதல் சனவரி வரையிலான மாதங்களில் பன்றி அடிப்பது நடைமுறையாயிற்று. ஸ்பெயினில் நவம்பர் 11-ஆம் நாள் வரும் புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி இது நடந்தது. செருமனியில் இது "இசுலாக்ட்ஃபெசுட்டு" எனப்பட்டது.

அன்று உறவினரும் அண்டை வீட்டாரும் கூடுவர். குடலைக் கழுவுவது, இறைச்சியைக் கொத்துவது, உப்பும் மசாலாவும் சேர்த்துப் பிசைவது, கொம்பிலோ தகரத்திலோ செய்த புனல் கொண்டு குடலில் அடைப்பது என வேலைகள் பகிர்ந்துகொள்ளப்படும். இரத்தமும் கல்லீரலும் முதலில் கெடுபவை என்பதால் அவற்றைக் கொண்டு செய்த சாசேஜ்கள் முதலில் உண்ணப்படும். உப்பு மிகுத்து உலர்த்தியவை அடுத்த கோடைவரை வைக்கப்படும். ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுமைக்குமான இறைச்சி, பெரும்பாலும் அந்த ஓரிரு நாள் உழைப்பில் அடங்கியிருந்தது.

நகரங்களில் நிலைமை வேறு. அங்கு மக்கள் கசாப்புக்காரரிடம் வாங்கி உண்டனர். கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்பவர் மீது கட்டுப்பாடு வேண்டும் என்ற எண்ணம் அங்குதான் தோன்றியது. செருமனியின் துரிங்கியா பகுதியில் உள்ள வைமார் நகரில் 1432-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கசாப்புத் தொழில் விதி, துரிங்கியச் சாசேஜில் கெடாத தூய இறைச்சியை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று கூறியது. மீறியவருக்கு 24 ஃபெனிக் தண்டம் விதிக்கப்பட்டது. அதே துரிங்கியாவில், 1404-ஆம் ஆண்டின் ஒரு மடத்துக் கணக்கேட்டில் சாசேஜுக்கான குடல் வாங்கிய செலவு பதிவாகியுள்ளது.

சாசேஜ் நஞ்சு

வீட்டில் செய்தது என்பதால் மட்டும் ஓர் உணவு தீங்கற்றதாகிவிடாது. இதைத் தென்மேற்குச் செருமனியின் வூர்ட்டம்பேர்க் நாடு கடும் துயரத்தின் வழியாகக் கற்றது. 1793-ஆம் ஆண்டு வில்ட்பாட் என்னும் ஊரில், பன்றி இரைப்பையில் இரத்தம் நிரப்பிச் செய்த உணவை உண்ட 13 பேர் நோயுற்றனர். அவர்களில் 6 பேர் இறந்தனர். தொடர்ந்து வந்த போர்க்காலத்தில் வறுமை மிகுந்து, ஊர்ப்புறங்களில் உணவுத் தூய்மை குன்றியது. நோயாளிகளின் எண்ணிக்கையும் கூடியது. 1802-இல் அரசு, புகையிட்ட இரத்தச் சாசேஜின் தீமை குறித்து மக்களை எச்சரித்து அறிவிப்பு வெளியிட்டது.

இந்நோயை முறையாக ஆராய்ந்தவர் யுசுட்டினசு கெர்னர் (1786–1862). இவர் வட்டார மருத்துவராகப் பணியாற்றியவர், கவிஞராகவும் அறியப்பட்டவர். நோயுற்றோரின் அறிகுறிகளை அவர் ஒன்றுவிடாமல் பதிவு செய்தார். வாய் உலர்கிறது. கண்ணிமை தொங்குகிறது. பார்வை இரட்டையாகிறது. விழுங்க முடிவதில்லை. கைகால் தசைகள் தளர்கின்றன. ஆனால் அறிவு மட்டும் தெளிவாக இருக்கிறது. இறுதியில் மூச்சு நின்று நோயாளி இறக்கிறார்.

1820-இல் 76 நோயாளிகளைப் பற்றியும், 1822-இல் 155 நோயாளிகளைப் பற்றியும் கெர்னர் நூல்கள் வெளியிட்டார். கெட்ட சாசேஜிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னர்த் தாமே சிறிதளவு உட்கொண்டு அதன் விளைவைக் குறித்து வைத்தார். காற்று இல்லாத இடத்தில் இந்நஞ்சு உருவாகிறது, நரம்புகள் தசைகளுக்கு அனுப்பும் தூண்டலை அது தடுக்கிறது, மிகச் சிறிய அளவிலேயே கொல்லும் ஆற்றல் உடையது என்பன அவர் கண்ட முடிவுகள். நரம்புகளின் மிகையான தூண்டலால் வரும் நோய்களுக்கு இதே நஞ்சு மருந்தாகலாம் என்றும் அவர் கருதினார். நஞ்சு எதிலிருந்து பிறக்கிறது என்பதை மட்டும் அவரால் அறிய முடியவில்லை. நுண்ணுயிரியல் அப்போது பிறக்கவில்லை.

அந்த விடை 1895-ஆம் ஆண்டு பெல்சியத்தின் எல்செல் என்னும் சிற்றூரில் கிடைத்தது. ஓர் இறுதிச்சடங்குக்கு வந்த இசைக்குழுவினர் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியை உண்டு நோயுற்றனர். 3 பேர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் என்னும் அறிஞர் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். காற்றில்லாத இடத்தில் வளரும் அந்த நுண்ணுயிர் இன்று கிளாசுட்ரிடியம் பொட்டுலினம் எனப்படுகிறது. "பொட்டுலசு" என்ற இலத்தீன் சொல்லுக்குச் சாசேஜ் என்பதே பொருள். நோயின் பெயரான பொட்டுலிசமும் அச்சொல்லிலிருந்து வந்ததே.

கெர்னரின் கணிப்பும் பொய்க்கவில்லை. மாறுகண், கண்ணிமைத் தசை இறுக்கம் ஆகியவற்றுக்கு மருந்தாக இந்நஞ்சைப் பயன்படுத்த 1989-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

தசையில் வாழும் புழு

பொட்டுலிசம் புரிவதற்கு முன்பே மற்றோர் ஆபத்து வெளிப்பட்டது. 1860-ஆம் ஆண்டு தொடக்கத்தில் திரெசுடன் நகர மருத்துவமனையில் ஒரு பணிப்பெண் இறந்தார். குடற்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். ஃபிரீட்ரிக் சென்கர் என்னும் மருத்துவர் உடலை ஆய்வு செய்தபோது தசை முழுவதும் நுண்ணிய புழுக்கள் இருப்பதைக் கண்டார். அப்பெண் வேலை செய்த பண்ணைக்குச் சென்று விசாரித்தார். கிறித்துமசுக்கு முன் அங்கு ஒரு பன்றி அடிக்கப்பட்டிருந்தது. வீட்டாரும் பன்றியை அறுத்த கசாப்புக்காரரும் நோயுற்றிருந்தனர். எஞ்சியிருந்த சாசேஜிலும் தொடை இறைச்சியிலும் அதே புழுக்கள் இருந்தன. திரிக்கினா எனப்படும் இப்புழு, சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாக மனிதரைத் தாக்குகிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

1865-இல் எடெர்சுலெபென் என்னும் செருமானிய ஊரில் இந்நோயால் 337 பேர் தாக்கப்பட்டு 101 பேர் இறந்தனர். அறுக்கும் ஒவ்வொரு பன்றியின் தசையையும் நுண்நோக்கியில் பார்க்க வேண்டும் என்று ருடோல்ஃப் ஃபிர்ச்சோ முதலிய மருத்துவ அறிஞர்கள் வலியுறுத்தினர். கசாப்புத் தொழிலில் இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. இறுதியில் 1900-ஆம் ஆண்டு செருமனி முழுமைக்குமான இறைச்சி ஆய்வுச் சட்டம் நிறைவேறியது.

தொழிற்சாலையின் வருகை

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாசேஜ் செய்யும் முறை பெரிதும் மாறியது. கையால் சுற்றும் வார்ப்பிரும்பு இறைச்சி அரைவை இயந்திரம் வீடுகளுக்கு வந்தது. கத்தியால் மணிக்கணக்கில் கொத்திய வேலை நிமிடங்களில் முடிந்தது. நீராவியால் ஓடும் பெரிய இயந்திரங்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. 1865-இல் சிக்காகோவில் திறக்கப்பட்ட பெரும் கால்நடைச் சந்தையைச் சுற்றி இறைச்சித் தொழிற்சாலைகள் எழுந்தன. தொடர்வண்டிகளின் குளிர்பெட்டிகள் இறைச்சியை நாடெங்கும் கொண்டு சென்றன. சாசேஜ் செய்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் அறியாத நிலை உருவாயிற்று.

1904-இல் அப்டன் சின்கிளேர் என்னும் எழுத்தாளர் ஏழு வாரங்கள் சிக்காகோவில் தங்கி, இத்தொழிலாளர்களின் வாழ்வைக் கண்டறிந்தார். அதன் பயனாக எழுதிய "தி சங்கிள்" என்னும் புதினம் 1906-இல் நூலாக வெளிவந்தது. தொழிலாளர் படும் துன்பத்தை உணர்த்துவதே அவர் நோக்கம். ஆனால் கெட்டுத் திரும்பிவந்த சாசேஜ் மீண்டும் அரைவையில் இடப்படுவதையும், எலிகள் நடமாடும் கிடங்குகளையும் பற்றிய பக்கங்களே படித்தவர் மனத்தை உலுக்கின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அனுப்பிய இருவர் குழுவும் தொழிற்சாலைகளின் தூய்மைக்கேட்டை உறுதி செய்தது. 1906 சூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின.

உறையும் மாறியது. இயற்கைக் குடல் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருக்கும். இயந்திரத்துக்கு ஒரே அளவு வேண்டும். 1920-களில் செல்லுலோசு உறையும், பின்னர்க் கொல்லாசன் என்னும் புரதத்தால் ஆன உறையும் பயன்பாட்டுக்கு வந்தன.

எது சாசேஜ் என்ற கேள்வியும் எழுந்தது. முதல் உலகப்போரின்போது செருமனியில் இறைச்சிப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அப்போது கொலோன் நகர மேயராக இருந்தவரும் பிற்காலத்தில் மேற்குச் செருமனியின் முதல் தலைமை அமைச்சரானவருமான கொன்ராட் அடெனாவர் சோயா மாவால் ஆன ஒரு சாசேஜை உருவாக்கினார். இறைச்சி இல்லாததைச் சாசேஜ் என அழைக்கச் செருமானிய விதிகள் இடந்தரவில்லை. போரில் எதிரணியில் இருந்த பிரித்தானியா 1918-இல் அதற்குக் காப்புரிமை வழங்கியது.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியாவில் சாசேஜுக்குப் பங்கீடு இல்லை. ஆனால் கிடைப்பது அரிதாக இருந்தது. கிடைத்தவற்றிலும் இறைச்சியைவிட ரொட்டித் தூளே மிகுதி என்று மக்கள் குறைபட்டனர். அண்டை வீட்டார் கூடி, சமையலறைக் கழிவைத் தீனியாக இட்டுப் பன்றி வளர்க்கும் சங்கங்களை அமைத்துக்கொண்டனர்.

கோவாவும் இலங்கையும்

இந்தியாவில் வீட்டுச் சாசேஜுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கோவாவின் "சோரிசு" ஆகும். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த செய்முறை, கோவாவின் கத்தோலிக்கக் குடும்பங்களின் கையில் புதிய உருவம் பெற்றது. பன்றி இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி உப்பிடுவர். சிவப்பு மிளகாய், பூண்டு, இஞ்சி, மசாலாப் பொருள்களைத் தென்னங்கள்ளில் எடுத்த வினிகரில் அரைத்துச் சேர்ப்பர். பின்னர்க் குடலில் அடைத்து, மணிமாலை போல் கட்டி வெயிலில் உலர்த்துவர். பருவமழை தொடங்கினால் கடலுக்குச் செல்ல முடியாது, மீன் கிடைக்காது. அம்மாதங்களுக்காகக் கோடையிலேயே செய்து வைக்கும் உணவு இது.

இதன் செய்முறையில் அறிவியல் பொதிந்துள்ளது. உப்பும் வெயிலும் நீரைக் குறைக்கின்றன. வினிகர் புளிப்பைக் கூட்டுகிறது. மிகுந்த புளிப்பில் பொட்டுலிசப் பாக்டீரியா வளர்வதில்லை. இலங்கையில் வழங்கும் "லிங்கஸ்" என்ற காரச் சாசேஜின் பெயரும் "லிங்குவிசா" என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்ததே.

வெடியுப்பின் பங்கு

இறைச்சியைப் பதப்படுத்தும் உப்புடன் சிறிது வெடியுப்பைச் சேர்த்தால் நிறம் சிவப்பாக நிலைக்கும் என்பதைப் பழங்காலக் கசாப்புக்காரர்கள் அறிந்திருந்தனர். காரணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெரிந்தது. வெடியுப்பில் உள்ள நைத்திரேட்டு, பாக்டீரியாக்களின் செயலால் நைத்திரைட்டாக மாறுகிறது. நிறத்தைத் தருவது அதுவே. பொட்டுலிசப் பாக்டீரியாவை அடக்குவதும் அதுவே.

ஆனால் நைத்திரைட்டு அளவு மிகுந்தால் நஞ்சாகும். எனவே 1934-ஆம் ஆண்டின் செருமானியச் சட்டம், நைத்திரைட்டைத் தனியாகக் கையாளாமல் உப்புடன் முன்னரே மிகச் சிறிய விகிதத்தில் கலந்து விற்க வேண்டும் என விதித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015-இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என அது மதிப்பிட்டது. பலர் கடைச் சாசேஜை விட்டு வீட்டுச் சாசேஜை நாடுவதற்கு இச்செய்தியும் ஒரு காரணம்.

மீண்டும் வீட்டுக்கு

கடைச் சாசேஜ் மீதான ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2017–2018-இல் தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலையில் செய்த "பொலோனி" என்னும் சாசேஜ் வகையால் லிசுட்டீரியா தொற்று பரவியது. 1,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு வீட்டுச் சமையலறையில் நேரும் தவறு ஒரு குடும்பத்தைத் தாக்கும். ஒரு தொழிற்சாலையில் நேரும் தவறு ஒரு நாட்டையே தாக்கும்.

அதே நாட்டில் சாசேஜின் பெயரைச் சட்டம் காப்பதையும் காணலாம். "பூரவோர்சு" என்ற பெயரில் விற்கப்படும் சாசேஜில் குறைந்தது 90 விழுக்காடு இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 விழுக்காட்டை மீறக்கூடாது என்பது அங்குள்ள விதி.

இன்று வீட்டில் செய்வோர் பெரும்பாலும் உலர்த்தாத, புகையிடாத புதுச் சாசேஜையே செய்கின்றனர். இதற்கு வெடியுப்போ நைத்திரைட்டோ தேவையில்லை. இறைச்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பும், மொத்த எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு உப்பும் சேர்ப்பது பொதுவான அளவு. பன்றி உண்ணாதோர் ஆடு, கோழி, மாடு ஆகியவற்றின் இறைச்சியைக் கொண்டும் செய்யலாம். அரைக்கும்போது இறைச்சி நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறினால் கொழுப்பு உருகிப் பிரிந்துவிடும், நுண்ணுயிர்களும் பெருகும். உப்பிட்ட பின் ஒட்டும் பதம் வரும்வரை பிசைய வேண்டும். உப்பால் வெளிப்படும் தசைப்புரதமே கலவையைப் பிணைக்கிறது. குடல் கிடைக்காவிட்டால் கையால் உருட்டித் தட்டியும் பொரிக்கலாம்.

முன்னோர் உயிர் கொடுத்துக் கற்ற பாடங்கள் இங்குப் பயன்படுகின்றன. ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சிச் சாசேஜின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசும், கோழிச் சாசேஜின் நடுப்பகுதி 74 பாகை செல்சியசும் எட்டும்வரை வேகவைக்க வேண்டும். வேகாத சாசேஜைக் குளிர்பெட்டியில் ஓரிரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. உறைபெட்டியில் ஓரிரு மாதம் வைக்கலாம். புகையிட்டும் உலர்த்தியும் நெடுநாள் வைக்கும் வகைகளை, உரிய உப்பும் அளவும் அறியாமல் வீட்டில் முயலக்கூடாது. பொட்டுலிச நஞ்சு நன்கு சூடாக்கினால் அழியும். ஆனால் அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை.

முடிவுரை

வில்ட்பாட்டில் இறந்த ஆறு பேர் உண்டது தொழிற்சாலைப் பண்டம் அன்று. தென்னாப்பிரிக்காவில் இறந்தோர் உண்டது வீட்டில் செய்ததும் அன்று. ஆகவே வீடா, கடையா என்பது மட்டும் உணவின் நன்மையைத் தீர்மானிப்பதில்லை. வீட்டில் செய்வதால் வரும் உண்மையான நன்மை, உறைக்குள் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரிந்திருப்பதே. உப்பைக் குறைப்பதும் நல்ல இறைச்சியைத் தேர்வதும் அவர் கையில் உள்ளன. அதனுடன் கெர்னரும் சென்கரும் வான் எர்மெங்கெமும் கண்டறிந்து தந்த அறிவும் சேரும்போதுதான் வீட்டுச் சாசேஜ் கடைச் சாசேஜுக்குத் தக்க மாற்றாக அமையும்.